இரண்டு தட்டு

கொம்பையாவின் இருமல் காணாமல் போன அன்றைக்கே எங்களுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சிரித்தோம்.

கானல்குளம் விமான நிலையத்தில் நாங்கள் புல் வெட்டுகிறவர்கள். ஓடுபாதையின் இரண்டு பக்கமும் புல் வளர்ந்தால் பூச்சி வரும், பூச்சி வந்தால் கொக்கும் பருந்தும் வரும், பறவை வந்தால் விமானத்துக்கு ஆகாது. அதனால் வருஷம் முழுக்க வெட்டுதான். ஒரு பக்கம் முடிப்பதற்குள் மறுபக்கம் வளர்ந்துவிடும். டிராக்டர் ஓட்டுகிறவன் கொம்பையா. பின்னால் கத்தி மாட்டிய வண்டி. நான் கூடவே நடந்து கல்லும் கம்பியும் பொறுக்குகிறவன். இரண்டு பேர் இடுப்பிலும் ஆளுக்கொரு வாக்கி டாக்கி, செட் என்போம்.

ஓடுபாதையைக் கடக்க வேண்டுமென்றால், விமானங்களுக்கு வழி சொல்கிற டவரில் கேட்க வேண்டும். நில் என்றால் நிற்க வேண்டும், போ என்றால் போக வேண்டும். அதோடு விடாது. அவர்கள் சொன்னதை நாம் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். விமானிக்கும் அதே சட்டம். சொன்னவர் காதில் அது சரியாகத் திரும்பி விழுந்தால்தான் சொன்னது சேர்ந்தது என்று அர்த்தம். அதையும் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அங்கேதான் எங்களுக்கு நாக்கு முறுக்கிக்கொள்ளும்.

கொம்பையா ஒரு தடவை திருப்பிச் சொல்லப் போய், பாதியில் பீடி இருமல் வந்து, லைனில் இருந்த விமானி ஒருத்தன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அன்றைக்கு முழுக்க கொம்பையா யாரிடமும் பேசவில்லை. டவரில் பெனிட்டா மேடம் இருந்தார். தூத்துக்குடிக்காரர், நல்ல மனசு. சாயங்காலம் கேண்டீனில் எங்களைத் தேடி வந்தார்.

"அண்ணாச்சி, நீங்க கஷ்டப்படாதீங்க. நான் சொன்னது கேட்டுச்சுன்னா செட்டுப் பட்டனை ரெண்டு தட்டு தட்டுங்க. எனக்கு டிக் டிக்னு கேக்கும். போதும்."

"அது சட்டத்துக்கு ஆவாதுல்லா மேடம்?" என்றேன்.

"ஆகாதுதான். யார்ட்டயும் சொல்லாதீங்க."

அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் புல் வெட்டுகிறவன், பெருக்குகிறவன், தண்ணீர் வண்டிக்காரன் எல்லோருமே தட்டுதான். மற்ற ஷிப்ட் ஆபீசர்களும் கண்டுகொள்ளவில்லை. கட்டை விரல் தானாகவே போய்த் தட்டும். வீட்டில் பொண்டாட்டி ஏதாவது சொன்னால்கூட இடுப்பில் விரல் போகும்.

அப்புறம்தான் அந்த மெஷின் வந்தது. கம்பெனிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் தெளிகுரல். நாங்கள் வைத்த பெயர் சலவை மெஷின். யார் என்ன பாஷையில் பேசினாலும், காற்று அடித்தாலும், என்ஜின் இரைந்தாலும் அழுக்கையெல்லாம் எடுத்துவிட்டு, கேட்கிறவன் பாஷையில், பேசுகிறவன் குரலிலேயே தேய்த்து மடித்துக் கொடுக்கும். நாங்கள் தமிழில் கேட்டால் டவரில் இங்கிலீஷாகப் போய் விழும். விமானி பேசுவது எங்களுக்குத் தமிழில் கேட்கும். விட்டுப்போன சொல்லைக்கூட அதுவே நிரப்பிவிடும் என்று பெருமையாகச் சொன்னார்கள். பேச்சில் வருகிற தப்பினால் உலகத்தில் எத்தனையோ விபத்து நடந்திருக்கிறதாம், இனிமேல் அது கிடையாதாம்.

முதல் நாள் கொம்பையா டவரைக் கூப்பிட்டான். என் செட்டில் அவன் குரல் கேட்டது. வானொலிச் செய்தி மாதிரி இருந்தது. பக்கத்தில் நின்று அவன் குத்துக் குத்தென்று இருமுகிறான், செட்டில் இருமல் இல்லை.

"எலே பலவேசம், என்னைய வெளுத்துட்டாம்ல! நம்ம மேஸ்திரிக்கு இந்த மெஷினை வாயில மாட்டணும்" என்று சிரித்தான்.

கொஞ்ச நாள் கழித்து பெனிட்டா மேடம் கேண்டீனில் அவனைப் பாராட்டினார். "அண்ணாச்சி, இப்பல்லாம் அழகா திருப்பிச் சொல்லுதீங்க. நில்லுங்கன்னா, எந்தக் கோட்டுல நிக்கீங்கன்னுகூட சொல்லிருதீங்க."

அவர் போன பிறகு கொம்பையா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். "நான் எங்கலே பேசுனேன்? தட்டிட்டுல்லா இருக்கேன். அந்தப் புள்ள கிண்டல் பண்ணுது."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் கிண்டல் பண்ணுகிறார் என்று நாங்கள் நினைத்தோம், நாங்கள் பேசக் கற்றுக்கொண்டோம் என்று அவர் நினைத்தார். இரண்டு பக்கமும் மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டோம்.

வைகாசி மாத வெயிலில் ஒரு சாயங்காலம் அது நடந்தது.

டவரில் அனுமதி வாங்கி, நாங்கள் ஓடுபாதையைக் கடந்துகொண்டிருந்தோம். நடுவில் போகும்போது டிராக்டரையும் கத்தி வண்டியையும் இணைக்கிற முள் ஒடிந்து, கத்தி வண்டி குப்புறக் குத்தி நின்றது. டிராக்டர் இழுத்துப் பார்த்தது, அசையவில்லை. கொம்பையா டவருக்குச் சொன்னான். கிழக்கேயிருந்து, எதிர்வெயில் கண்ணில் அடிக்க, விமானம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

பெனிட்டா மேடத்தின் குரல் செட்டில் வந்தது. "இறங்க வேண்டாம், மேலே ஏறுங்கள். ஓடுபாதையில் வண்டி நிற்கிறது."

உடனே விமானியின் குரல். அமைதியாக, சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டவன் மாதிரி. "புரிந்தது. இறங்கவில்லை. மேலே ஏறுகிறேன்."

நான் அதற்குள் ஓரத்துக்கு ஓடியிருந்தேன். "எண்ணே, வாங்க, ஓடியாங்க!" என்று கத்தினேன்.

கொம்பையா கையை ஆட்டினான். "அதான் ஏறுதேன்னு சொல்லிட்டாம்லா! அவன் சுத்திட்டு வர்றதுக்குள்ள முள்ளை மாத்திருதேன்" என்று குனிந்தான்.

விமானம் ஏறவில்லை.

அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வராது. டிராக்டர் வேறு இடத்தில் கிடந்தது. விமானம் ஒரு சக்கரம் போய், புல்லுக்குள் இறங்கிச் சாய்ந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் காயத்தோடு தப்பித்தார்கள். கொம்பையா தப்பிக்கவில்லை.

மறுநாளிலிருந்து ஊரில் யாரும் யாரையும் நம்பவில்லை. விமானியின் பெயர் லால்ரின்சாங்கா, மிசோரம்காரன். டீக்கடையில் அவனைச் சீனாக்காரன் என்றார்கள். வேண்டுமென்றே இறக்கினான் என்றார்கள். ஏறுகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு இறங்கினவனை வேறு என்ன சொல்ல? மெஷின் வழியாகப் பதிவான ரெக்கார்டில் அவன் குரல் சுத்தமாக இருக்கிறது. அவனோ ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, எனக்கு ஏறச்சொல்லிக் கேட்கவே இல்லை, நான் பதிலும் சொல்லவில்லை என்கிறானாம். பேப்பரில் போட்டிருந்தது. எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன். அவன் போட்டோவைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

எங்களை வேலைக்கு வைத்திருக்கிற காண்டிராக்டர் வேறு கதை சொன்னான். கொம்பையா ஏன் ஓடவில்லை? குடித்திருப்பான். அவன் பொண்டாட்டி முத்துப்பேச்சி என் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, நெசமாச் சொல்லுங்க. அவுக குடிச்சிருந்தாகளா?"

"இல்லம்மா. பிளேன் ஏறுதுன்னு செட்டுல கேட்டுச்சு. அதை நம்பித்தான் நின்னான்."

"யாரு சொன்னா ஏறுதுன்னு?"

"விமானி."

"அப்ப அவனை விடாதீங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். விடமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

பெனிட்டா மேடத்தை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். விசாரணைக்கு முந்தின நாள் அவர் சைக்கிள் ஸ்டாண்டில் எனக்காகக் காத்து நின்றார். ஆள் பாதியாகியிருந்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு உங்க செட்டுல என்ன கேட்டுச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. இவர் எதற்கு இப்போது வந்து கேட்கிறார்? சாட்சியைச் சரிக்கட்டப் பார்க்கிறாரா? "உங்களுக்குக் கேட்டதுதான் எனக்கும் கேட்டுச்சு. ஏறுதேன்னான்."

"எப்படிச் சொன்னான்?"

"எப்படின்னா?"

"நான் இத்தனை வருஷமா விமானிங்க குரலைக் கேட்டுட்டே இருக்கேன். கடைசி நேரத்துல இறங்காதேன்னா யாரா இருந்தாலும் குரல்ல ஒரு பதற்றம் வரும். மூச்சு வாங்கும். இவன் பஸ் டிக்கெட் கேக்கற மாதிரி சொன்னான். அப்பவே எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. இன்னொரு தடவை கத்தியிருக்கணும். மெஷின் வந்த நாள்லருந்து எல்லாருமே அப்படித்தான பேசுதாங்கன்னு விட்டுட்டேன்."

"அவன் பேசவே இல்லங்கீங்களா?"

"தெரியலையே அண்ணாச்சி. மெஷினைச் சோதிச்சுப் பாத்தாலும், எல்லாம் சரியா இருக்குன்னுதான் அதுவும் சொல்லுது."

தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மெஷின் மேல் போடுகிறார் என்று நினைத்துக்கொண்டே சைக்கிளை மிதித்தேன். ஆனாலும் கொம்பையாவின் இருமல் வீடு வரை பின்னாலேயே வந்தது.

விசாரணை விமான நிலையத்துப் பயிற்சி அறையில். டெல்லியிலிருந்து குல்கர்னி என்று ஒரு பெரிய ஆபீசர் வந்திருந்தார். தமிழ் தெரியாதவர். அதனால் அங்கேயும் அதே தெளிகுரல்தான் வைத்திருந்தார்கள். எங்கள் எல்லோருடைய குரலும் அதற்குப் பழக்கம் என்பதால், எங்கள் செட்டையே கையில் கொடுத்துப் பேசச் சொன்னார்கள். நாங்கள் பேசினால் அவர் காதில் இங்கிலீஷ். அவர் பேசினால் எங்களுக்குத் தமிழ்.

வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். பெனிட்டா மேடம் ஒரு ஓரம். எதிரே கட்டுப்போட்ட காலோடு அந்த விமானி, பக்கத்தில் போலீஸ்காரர். போட்டோவில் பார்த்ததைவிடச் சின்ன வயசு. என் சட்டையில் இருந்த புல் வெட்டும் கூட்டத்துச் சின்னத்தைப் பார்த்ததும் அவன் எழுந்திருக்கப் பார்த்தான். கைத்தடி வழுக்கியது. பேசினான்.

அவன் குரலை நான் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன். கீச்சென்று, வேகமாக, ஒரு சொல்லின் மேல் இன்னொரு சொல் ஏறி விழுகிற குரல். செட்டில் கேட்ட ஏப்பக்காரன் இவன் இல்லை. இந்தியும் இங்கிலீஷுமாக என்னவோ சொல்லிக்கொண்டே கையைக் காட்டினான். காதைத் தொட்டு, கிர்ர் என்று வாயால் இரைச்சல் காட்டினான். பிறகு கட்டை விரலால் காற்றில் எதையோ அமுக்கினான். உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினான். மறுபடியும் அமுக்கினான்.

"என்னங்கான்?" என்று போலீஸ்காரரிடம் கேட்டேன்.

"பாதிதான் காதுல விழுந்துச்சாம். திரும்பச் சொல்லுங்கன்னு கேக்க பட்டனை அமுக்குனானாம். பட்டன் வேலை செய்யலையாம். மறுபடி அமுக்குனானாம், அப்பவும் செய்யலையாம். அதுக்குள்ள தரை வந்துட்டாம். காலையிலருந்து இதையேதான் சொல்லுதான். நடிப்பு."

அவன் விரல் இன்னும் காற்றில் நின்றது. ஒன்று, இரண்டு. நாங்கள் தட்டுகிற அதே தட்டு. பெனிட்டா மேடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கூப்பிட்டார்கள். விமானியையும் கூட்டி வந்து ஓரத்தில் உட்கார வைத்தார்கள். கம்பெனி இஞ்சினியர் ஒருவர் மெஷின் பக்கத்தில் இருந்தார். குல்கர்னி காதில் மாட்டியிருந்ததைச் சரிசெய்துகொண்டு கேட்டார். சலவைத் தமிழில் வந்தது.

"திரு. பலவேசம், நீங்கள் சம்பவத்தை நேரில் பார்த்தவர். இறங்க வேண்டாம் என்று கோபுரம் சொன்னதையும், மேலே ஏறுகிறேன் என்று விமானி பதில் சொன்னதையும் நீங்கள் கேட்டீர்களா?"

இதற்குத்தான் வந்திருந்தேன். முத்துப்பேச்சிக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. ஆமாம் சார், கேட்டேன் சார் என்று சொன்னால் முடிந்தது. பொய்யும் இல்லை, கேட்டேன்தானே. ஆனால் வாய் வரவில்லை. அவன் விரலும் கொம்பையா விரலும் மாறி மாறி முன்னால் வந்தன. செட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலதிகாரி ஏதாவது சொன்னால் விரல் செய்கிற வேலையை அது பாட்டுக்குச் செய்தது.

டிக். டிக்.

குல்கர்னி தலையை ஆட்டினார். எதையோ கேட்டு முடித்த மாதிரி. "நன்றி. தெளிவாகச் சொன்னீர்கள். நீங்கள் போகலாம்."

நான் வெளியே போகவில்லை.

"சார், நான் என்ன சொன்னேன்?"

அவர் புருவத்தைச் சுருக்கினார். "மன்னிக்கவும்?"

"நான் இப்ப என்ன சொன்னேன்னு நீங்க சொல்லுங்க சார்."

எரிச்சலோடு சொன்னார். "ஆமாம் ஐயா, கோபுரம் சொன்னதைக் கேட்டேன். புரிந்தது, மேலே ஏறுகிறேன் என்று விமானி பதில் சொன்னதையும் தெளிவாகக் கேட்டேன். எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இதைத்தான் சொன்னீர்கள்."

"நான் வாயே தொறக்கலையே சார்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுவரோரம் நின்ற டவாலிக்காரர் மட்டும் மெதுவாகச் சொன்னார். "ஆமா, இவரு பேசல. நான் பாத்துட்டுத்தான நிக்கேன்."

குல்கர்னி அதே கேள்வியை மறுபடியும் கேட்டார், என் வாயையே பார்த்துக்கொண்டு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு தட்டு தட்டினேன். அவர் முகம் மாறியது. காதிலிருந்ததைப் பிடுங்கி, பாம்பைப் போடுகிற மாதிரி மேஜையில் போட்டார்.

இஞ்சினியருக்கு வியர்த்துவிட்டது. தமிழ்ப் பிள்ளைதான், என்னிடமே கேட்டார். "இது எப்படிண்ணே? ரெண்டு தட்டுனா பதில்னு அதுக்கு யாரு கத்துக்குடுத்தது?"

"நாங்க எல்லாருமே அப்படித்தான் தம்பி. நாளெல்லாம் தட்டுதான்."

"நாளெல்லாமா? பிளேன் பேச்சு கொஞ்சம்தாண்ணே, உங்க வண்டிங்க பேச்சுதான் ஜாஸ்தி. அது கேட்டுக் கேட்டுப் படிக்கறது. நீங்க தட்டுவீங்க, டவர்ல சரின்னு அடுத்த வேலைக்குப் போயிருவாங்க. அப்ப இந்தத் தட்டுக்குள்ள முழுப் பதிலும் இருக்குன்னு அது நினைச்சிருக்கு. எந்தப் பதில் வரணும்னு எதிர்பார்க்கறாங்களோ அதை நிரப்பிருச்சு…" பாதியில் நிறுத்திவிட்டார். விமானி பக்கம் அவர் கண் போனது. அந்தப் பிள்ளை கட்டை விரலை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடக்கிறது என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

குல்கர்னிக்கு இப்போது மெஷின் ஆகாது. இஞ்சினியர் மொழிபெயர்க்க வந்தார், அவரையும் வேண்டாம் என்று கையைக் காட்டினார். கம்பெனி ஆளை எப்படி நம்புவது? தமிழும் இங்கிலீஷும் தெரிந்த வேறு ஆள் யார் என்று தேடி, கடைசியில் வெளியே பெஞ்சிலிருந்த பெனிட்டா மேடத்தையே கூப்பிட்டார்கள். நடந்ததை அவரிடம் சொன்னார்கள். அவர் கேட்டார், உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

குல்கர்னி மேடத்திடம் ஒன்று கேட்டார். மேடம் என்னிடம் திரும்பினார். அவர் குரல் நடுங்கியது. ரொம்ப நாளைக்கு அப்புறம் நடுங்குகிற ஒரு குரலைக் கேட்கிறேன்.

"அண்ணாச்சி… திருப்பிச் சொல்லாம பட்டனை ரெண்டு தட்டு தட்டினாப் போதும்னு, உங்களுக்கு யாரு சொன்னதுன்னு கேக்காரு."

அவர் கண் என் கண்ணைப் பார்க்கவில்லை. டவர் ஆபீசர் சட்டத்தை விட்டுக் கொடுத்தார் என்றால் வேலை போகும், ஜெயில்கூட வரலாம். ஒரு சாவு இருக்கிறது. கொம்பையா பொண்டாட்டியிடம் நான் வாக்குக் கொடுத்தது விமானியைப் பற்றி. இவரைப் பற்றி நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. கொம்பையாவை ஒருத்தன் பார்த்துச் சிரித்த நாளில், அவனுக்காகக் கேண்டீன் வரை நடந்து வந்த ஒரே மனுஷி இவர்.

"யாரும் சொல்லல மேடம். நாங்களாத்தான் பண்ணுனோம். இங்கிலீஷ் வராது, வெட்கம், சோம்பேறித்தனம். ஆரம்பிச்சு வச்சவன் நான்தான். கொம்பையாவுக்கும் நான்தான் சொல்லிக் குடுத்தேன். உங்களுக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அப்படியே சொல்லுங்க அவருகிட்ட."

மேடம் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு குல்கர்னி பக்கம் திரும்பினார்.

நான் சொன்னது நீளம். அவர் சொன்னது ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சொல்லும்போது அவர் கை நாற்காலியை விட்டு, அவர் நெஞ்சுக்குப் போனதைப் பார்த்தேன்.

"மேடம், நான் அப்படிச் சொல்லலியே…" என்றேன். அவர் திரும்பவில்லை.

குல்கர்னி பேனாவைக் கீழே வைத்தார். அவர் சொன்ன இரண்டு சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. ஓடுபாதையில் வேலை பார்க்கிற எவனுக்கும் புரியும், நாங்கள் ஒழுங்காகப் பேசத் தெரியாமல் திண்டாடிய காலத்தில் நாளெல்லாம் காதில் விழுந்த சொல்.

"சே அகெய்ன்."

பெனிட்டா மேடம் திரும்பச் சொன்னார். நிறுத்தி, நிதானமாக, ஒரு சொல்லும் விடாமல். ஓரத்தில் இருந்த விமானி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். வேறு சத்தமே இல்லை. கொம்பையா இருந்திருந்தால் இந்நேரம் இருமியிருப்பான்.